விழுந்த குழியும் உள்வாங்கிய குழியும்

என் மகள் சுகந்திக்கு,

இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும் முன் எனக்குப் போன் கோல் எடுக்காதே. உன் குரலைக் கேட்டால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். பதினொரு வருடமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். நீ படிப்புக்காக ஜப்பானுக்கு விமானம் ஏற இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன். படித்த பிறகு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. பேப்பரில் போடுவதென்றாலும் போடு. எதையும் மறைத்து வைக்கும்படி இனி உன்னிடம் நான் கேட்க மாட்டேன்.

போன கிழமை நீ வீட்டுக்கு வந்திருந்தபோது, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே உன் படிப்பைப் பற்றிச் சொன்னாய். நிலாவின் படங்களை வைத்துக்கொண்டு குழிகளைப் பிரிக்கிற வேலை. எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கறுப்புச் சமவெளியில் ஒரு குழி இருக்கிறது, உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அது குழம்பு ஓடிய குகையின் கூரை இடிந்து உள்ளே விழுந்த குழி என்கிறார்கள், உனக்கு மட்டும் அது மேலேயிருந்து கல் விழுந்த குழியாகத் தெரிகிறது என்றாய். விளிம்பு கொஞ்சம் எழும்பியிருக்கிறது, ஒரு பக்கமாக மண் தெறித்திருக்கிறது என்று விரலால் சோற்றிலேயே கோடு போட்டுக் காட்டினாய். "அப்ப அதச் சொல்லு" என்றேன். நீ சிரித்தாய். "எங்க போய்ச் சொல்றதுப்பா? என் கண்ண நானே நம்புறதில்ல. ஒரு படங்கக்கூட ஒழுங்கா மூடி வைக்கத் தெரியாதவதானே நான்." நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் உன் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். நீ கொழும்புக்கு பஸ் ஏறின பிறகு வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "அந்தப் புள்ள தலையில வெச்ச பாரத்த நீங்களே இறக்கி வைங்க. இல்லாட்டி நான் இறக்கிருவேன்." அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தப் படங்கை, அந்த நீலத் தார்ப்பாயைப் பற்றி எழுதுவதற்கு முன், அதற்கு முந்தைய கிழமையைப் பற்றி எழுத வேண்டும். உனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. நீ நிலாவின் தரையைச் செய்யப்போகிறேன் என்று அம்மாவின் பெரிய தட்டை எடுத்துக்கொண்டாய். பாதித் தட்டில் மெழுகை உருக்கிக் கரித்தூள் கலந்து ஊற்றினாய். மீதிப் பாதியில் கோதுமை மாவைக் கொட்டி, அதன் மேல் மெல்லிசாகக் கோப்பித்தூளைத் தூவினாய். கோப்பி டப்பா காலியானதற்கு அம்மா போட்ட சத்தம் நான் வெடி வைக்கிற கல் குவாரியின் சங்கையும் தாண்டிக் கேட்டது. நீ நாற்காலியில் ஏறி நின்று கோலிகுண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டாய். குண்டு விழுந்த இடத்தில் வட்டமாகக் குழி விழுந்தது, விளிம்பு எழும்பியது, அடியிலிருந்த வெள்ளை மாவு கறுப்புத் தூளின் மேல் கோடு கோடாகத் தெறித்தது. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "குழின்னா அது உள்ளேருந்து வெடிச்சதா இருக்கணும். நான் இருபது வருஷமா குழி போடுறவன், எனக்குத் தெரியாதா? நிலாவுல இருக்கிறதெல்லாம் எரிமலை வாய்." நீ தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "முந்தி பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான்பா நினைச்சாங்க. இல்ல. அந்தக் கறுப்புத் திட்டெல்லாம் எரிமலைக் குழம்பு. குழியில அனேகம் கல்லு வந்து விழுந்து உண்டானது."

மறுநாள் வேலை முடிந்து வரும்போது, வெடி நேரத்தில் ரோட்டை மறித்துச் சிவப்புக் கொடி பிடிக்கிறவர் வைத்திருக்கும் பைனாகுலரைக் கேட்டு வாங்கி வந்தேன். சாயந்தரம் ஐந்து மணி இருக்கும், வெளிச்சம் போகவில்லை. பாதி நிலா மலைக்கு மேலே வெள்ளையாக நின்றது. நீ பைனாகுலரை என் கண்ணில் வைத்து, வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற ஓரத்தைப் பார்க்கச் சொன்னாய். அங்கேதான் நிழல் நீளமாக விழும், குழியின் விளிம்பு தெரியும் என்றாய். பார்த்தேன். அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். இத்தனை வருடம் அதன் கீழே நடந்து வேலைக்குப் போயிருக்கிறேன், ஒரு நாளும் அதை ஒரு தரையாக நினைத்ததில்லை. "அங்க மழை பெய்யாதுப்பா. காத்தும் இல்ல. ஒரு தடவ விழுந்த அடையாளம் கோடிக்கணக்கான வருஷத்துக்கு அழியாது" என்றாய். நம் ஊரில் ஒரு மழைக்கே பாதை காணாமல் போய்விடுகிறதே என்று நான் சொன்னதற்கு இரண்டு பேரும் சிரித்தோம். உன்னிடம் நான் பாடம் கேட்ட ஒரே கிழமை அது. இன்னும் கேட்டிருக்கலாம். பிள்ளைகள் சொல்லித் தரும்போது கேட்டுக்கொள்கிற நேரம் மிகக் கொஞ்சம், சுகந்தி. நீ தாயானால் இதை ஞாபகம் வைத்துக்கொள்.

கண்காட்சி வெள்ளிக்கிழமை. அந்தச் செவ்வாய்க்கிழமை குவாரியில் பதினொரு துளைகளுக்கு மருந்து ஏற்றினேன். வெடி வைக்கிற லைசன்ஸ் என் பெயரில்தான் இருந்தது, துளைக்குப் பொறுப்பு நான். மருந்தை இறக்கிய பிறகு துளையின் வாயை மண் போட்டு இறுக்கி இடித்து அடைக்க வேண்டும். அடைப்பு சரியில்லை என்றால் வெடி பாறையை உடைக்காமல் வாய் வழியாகக் கல்லைத் தூக்கி வீசும். பத்துத் துளையைச் சரியாக அடைத்தேன். நாலந்தாப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பதினோராவது துளைக்குப் பாதி மண்தான் போட்டேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. மேனேஜர் அந்த நேரம் ஆபீசில் இருந்தார். சங்கு ஊதினோம், சிவப்புக் கொடி காட்டினோம், நான் வெடித்தேன். சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சத்தம் மட்டும் வேறு மாதிரி, கூர்மையாக வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். புகைக்கு மேலே ஒரு கல் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அது போகிற பக்கத்தில் சோமா அக்காவின் வீடு இருந்தது.

ஓடினேன். சோமா அக்கா அப்போதும் தனியாகத்தான் இருந்தார், கணவர் இறந்து போயிருந்தார், மகன் கலேவெலயில் மரக்கறிக் கடை வைத்திருந்தான். முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாயின் ஓரத்தில் கிடந்தார். வலது முழங்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் மூடியிருந்தன. மூச்சு இருந்தது. அவருக்கு மூன்று அடி தள்ளி ஒரு குழி. அதிலிருந்து துள்ளிப் போய், கொய்யா மரத்தடியில் கல் நின்றிருந்தது. ஒரு நடுத்தரப் பலாப்பழம் அளவு. அதன் ஒரு பக்கத்தில் அரை வட்டமாக, வழுவழுப்பாக ஒரு பள்ளம் ஓடியது. அது நான் மெஷின் வைத்துப் போட்ட துளையின் பாதி. அந்தக் கல்லில் என் கையெழுத்து இருந்தது என்றே வைத்துக்கொள்.

கொடிக்காரர் ஒரு த்ரீவீலரைப் பிடித்து வந்து, அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். மேனேஜரும் நானும் மட்டும் அங்கே நின்றோம். மேனேஜர் குழியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பக்கம் பழைய கக்கூஸ் குழி ஒன்னு இருந்துச்சுன்னு சொல்லுவாங்க இல்ல? மழைக்கு நெலம் உள்வாங்கியிருக்கும். கால் உள்ள போயி..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் குனிந்து கல்லைத் தூக்கினேன். இதை நீ நன்றாகப் படிக்க வேண்டும். அவர் சொல்லி நான் செய்யவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே செய்தேன். பிள்ளையைத் தூக்குவது போல் அணைத்துத் தூக்கி, டிராக்டர் பெட்டியில் வைத்து, குவாரிக்குக் கொண்டு போய், கல் அரைக்கிற மெஷினில் போட்டேன். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. சரளையாக விழுந்தது.

அன்று சாயந்தரம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, விஷயம் கேள்விப்பட்டு, சோமா ஆன்ட்டி வீட்டுப் பக்கம் ஓடினாய். அரை மணி நேரம் கழித்துக் நோட்டுக் கொப்பியும் அளக்கிற அடிமட்டமுமாக வந்து நின்றாய். முகமெல்லாம் வெளிச்சம். "அப்பா, அது உள்வாங்கின குழி இல்ல." நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். "என்ன?" என்றேன். "நெலம் உள்வாங்கினா விளிம்பு எழும்பாதுப்பா. மண்ணு உள்ளதான் விழும், வெளிய தெறிக்காது. இது விளிம்பு எழும்பியிருக்கு. ஒரே பக்கம் மண்ணு தெறிச்சிருக்கு. அதோட குழி வட்டமா இல்ல, நீளமா இருக்கு. வானத்துல இருந்து பயங்கர வேகமா வர்ற கல்லுன்னா, சாய்ஞ்சு வந்தாலும் குழி அனேகமா வட்டமாத்தான் விழும். ஆனா அந்தக் குழியில இருந்து தெறிச்சுப் போற கல்லு இருக்கே, அது மெதுவாப் போய் சாய்வா விழும். அது போடுற குழிதான் இப்படி நீளமா இருக்கும். இதுவும் அப்படி மெதுவா வந்த கல்லுதான்பா. நீளத்த நேராப் பிடிச்சுப் பார்த்தேன். குவாரிக்குப் போகுது."

நீ என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு அப்பாவிடம் காட்ட வந்தாய். கொப்பியில் குழியை வரைந்திருந்தாய், நீளம், அகலம், ஆழம், மண் தெறித்த தூரம், எல்லாவற்றையும் அளந்து எழுதியிருந்தாய். "கல்லு எங்க அப்ப?" என்று கேட்டேன். அதுதான் எனக்கு அகப்பட்ட ஒரே கேள்வி. நீ யோசித்தாய். "அதுதான்பா தெரியல. யாரும் எடுத்திருப்பாங்களோ?" என்றாய். நேராக என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாய். என் மேல் உனக்கு ஒரு துளி சந்தேகம் கூட இல்லை. நான் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், வேண்டியதை விட அதிக நேரம் துடைத்தேன். "கண்காட்சி வேலையப் பாரு. இதுல தலையிடாத" என்றேன்.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மேகம் பெய்யாமலே கலைந்துவிட்டது, ஆனால் அதற்குள் மழை பெய்தால் குழி அழிந்துவிடும் என்று நீ பயந்தாய். மழைக்கு மிளகை மூடுகிற சோமா அக்காவின் நீலப் படங்கை எடுத்து, குழியின் மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாய், ஓரம் முழுக்கச் செங்கல் வைத்தாய், சுற்றிச் சின்னதாக வாய்க்கால் கூட வெட்டினாய். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். பதினைந்து வயதுப் பிள்ளை கட்டின அந்தக் கட்டு, நம் குவாரியின் மருந்துக் கிடங்கை விடப் பத்திரமாக இருந்தது. எந்தக் காற்றும் அதைத் தூக்கியிருக்காது.

புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணி. சாப்பாட்டு நேரம். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. நான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, குறுக்குப் பாதையால் சோமா அக்காவின் வீட்டுக்குப் போனேன். வீட்டில் ஆள் இல்லை, மகன் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தான். பட்டப்பகல். நான் செங்கற்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மூலைக் கற்களை உருட்டினேன். படங்கை இழுத்து, காற்று கொண்டு போனது போல் தெரிய வேண்டும் என்று, ஓரத்து உண்ணிச் செடிப் பற்றைக்குள் எறிந்தேன். ஒரு கணம் குழியைப் பார்த்தேன். நீ சொன்னது அத்தனையும் இருந்தது. எழும்பிய விளிம்பு, தெறித்த மண், குவாரியை நோக்கிய நீளம். குழிகளைப் படிக்க நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அந்தக் குழியைப் படித்துவிட்டு, திரும்பி நடந்தேன். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. குவாரி ஷெட்டுக்குள் நின்று, இன்னும் பெய், இன்னும் பெய் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

காற்று இல்லை, சுகந்தி. நான்.

அந்த மழையில் நீ பஸ்ஸை விட்டு இறங்கி, பலாபத்வலச் சந்தியிலிருந்து புத்தகப் பையோடு ஓடி வந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது நீ சமையலறை மூலையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாய். "கல்லு பத்தல போலப்பா. நான்தான் சரியா வைக்கல" என்றாய். நான் உன் தலையைத் துவட்டிவிட்டேன். உன் அம்மா என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த உண்ணிப் பூவை எடுத்து, ஒன்றும் கேட்காமல் வெளியே போட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். உன் தலையைத் துவட்டுவது சுலபமாக இருந்தது, துவட்டினேன். பிற்காலத்தில் உன்னிடம் யாராவது குற்றம் செய்துவிட்டு அளவுக்கு மீறி அன்பாக நடந்தால், அந்த அன்பை உடனே நம்பிவிடாதே. நான் அன்றைக்கு எவ்வளவு அன்பாக இருந்தேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வியாழக்கிழமை நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். குழி இருந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் நின்றது. அதிகாரி நல்ல மனுஷன், பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார். ஊர் ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள். நீ பள்ளிக்கூடம் போகாமல், கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, சிங்களத்தில் தெளிவாகச் சொன்னாய். அவர் கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "நீ அளந்ததைப் பெரியவங்க யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார். நீ திரும்பி என்னைக் காட்டினாய். "அப்பா பார்த்தாங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார். அப்போது நான் சொன்னேன்: "நான் சரியாப் பார்க்கல சேர். புள்ள கண்காட்சிக்கு நிலா செஞ்சுக்கிட்டிருக்கு. இப்ப அதுக்குப் பார்க்கிற குழியெல்லாம் நிலாவாத் தெரியுது." நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. கொப்பியை மூடி உன் கையில் கொடுத்தார். நீயும் கொஞ்சம் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்று வரைக்கும் விழுங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கண்காட்சிக்குத் தட்டைக் கொண்டு போக மாட்டேன் என்றுவிட்டாய். மாவை அம்மா கோழிக்குப் போட்டாள்.

அதற்குப் பிறகு நீ கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவளானாய். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்து, பெயர் எழுதினேனா என்று அழுகிறவளானாய். எல்லோரும் உன்னைக் கவனமான பிள்ளை என்றார்கள். நானும் தலையாட்டினேன். அந்தக் கவனம் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான் என்றுதான் நினைத்திருந்தேன். நிலாவை நீ விடவில்லை, அதற்காக மட்டும் நான் கோயிலில் கற்பூரம் கொளுத்தியிருக்கிறேன். ஆனால் நிலாவையும் நீ பயந்து பயந்துதான் பார்க்கிறாய் என்று போன கிழமைதான் எனக்குப் புரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சோமா அக்காவின் வீட்டுக்குப் போனேன். குளித்துவிட்டு, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன், ஏன் என்று தெரியவில்லை. வழியில் இரண்டு தரம் நின்றேன். அவர் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, கொத்திலிருந்து மிளகை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைத்தடி. நிலம் உள்வாங்கியதென்று முடிவான பிறகு முற்றத்தின் பாதியை அடைத்துப் போட்ட முள்கம்பி வேலி இன்னும் அப்படியே இருக்கிறது, அதற்கு அப்பால் மிளகுக் கொடிகள் செத்து, பற்றை மண்டிக் கிடக்கிறது. நாங்கள் சிங்களத்தில் பேசியதை உனக்குத் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, உங்க நெலம் உள்வாங்கல" என்றேன்.

"எந்த நெலம் மல்லி?" என்றார். அவர் என்னைத் தம்பி என்று, அவர்கள் பாஷையில் மல்லி என்றுதான் கூப்பிடுவார்.

"வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அன்னைக்கு அங்க விழுந்தது குவாரிக் கல்லு. நான் வெச்ச வெடி. கல்லைத் தூக்கிட்டுப் போயி அரைச்சதும் நான்தான்."

அவர் கை மிளகு உருவுவதை நிறுத்தவில்லை. ஒரு கொத்து முடிந்தது. அடுத்த கொத்தை எடுத்தார்.

"அப்ப என் காலு?"

"கல்லு துள்ளி வந்து அடிச்சது."

"குழிக்குள்ள போயி இல்ல?"

"இல்ல அக்கா."

"பதினொரு வருஷம்," என்றார். "ஒவ்வொரு மழைக்கும் கட்டில்ல உக்காந்து, தரை கீழ இறங்குதான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். பேரப் புள்ளைங்க வந்தா முத்தத்துல ஓட விடமாட்டேன். மகன் கலேவெலைக்கு வந்திருன்னு எத்தன தடவ அழைச்சான். வீட்ட விட்டுட்டுப் போக மனசு இல்ல, வீட்டுல இருக்கவும் பயம்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் மக அன்னைக்கே சொன்னா இல்ல? கல்லு விழுந்ததுன்னு ஒரு புள்ள சொல்லிச்சு, எல்லாரும் சிரிச்சாங்கன்னு மகன் வந்து சொன்னான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு நானும் சிரிச்சேன், மல்லி."

நான் கீழே உட்காரப் போனேன். "உக்காராத" என்றார். கைத்தடியை ஊன்றி எழுந்தார். நான் கை கொடுக்கப் போனபோது தடியால் என் கையைத் தள்ளிவிட்டார். வேலியில் கம்பி கட்டியிருந்த இடத்துக்கு நடந்து போனார். துருப்பிடித்த கம்பியை அவிழ்க்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது, விரலில் இரத்தம் வந்தது, நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவிழ்த்துவிட்டு, முதலில் தடியை உள்ளே ஊன்றிப் பார்த்தார். பிறகு நல்ல காலை வைத்தார். பிறகு மற்றக் காலை. பற்றைக்கு நடுவில் போய் நின்று, தடியால் தரையை ஓங்கி ஓங்கிக் குத்தினார். தரை அசையவில்லை. அவர் தோள்கள் மட்டும் குலுங்கின. திரும்பாமலேயே சொன்னார்: "நீ போ. இனிமே இந்த வாசலுக்கு நீ வரக் கூடாது. உன் மகளை அனுப்பு."

திங்கட்கிழமை மருந்துக் கிடங்குச் சாவியை மேனேஜரின் மேசையில் வைத்தேன். லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கவும், நடந்ததைச் சொல்லவும் மாவட்ட அரசாங்கக் கச்சேரி ஆபீசுக்குப் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் பேசின பேச்சை எழுத மாட்டேன், ஒரு விதத்தில் நியாயமாகத்தான் பேசினார். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். வழக்கு வரலாம். சோமா அக்காவின் மகன் என்ன செய்வான் என்று தெரியாது. அம்மா என்னோடு பேசுகிறாள், சோறு போடுகிறாள், ஆனால் இன்னும் முகம் கொடுக்கவில்லை. இதற்காக நீ உன் பயணத்தை ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது. அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று வந்து நின்றாயானால், இரண்டாம் தரம் உன் குழியின் மேலிருந்து படங்கை இழுத்தவனாகிவிடுவேன்.

ஜப்பானுக்குப் போனதும் அந்தக் கறுப்புச் சமவெளிக் குழியைப் பற்றி நீ கண்டதைச் சொல்லு. நீ பிழையாக இருக்கலாம். பிழை என்றால் அவர்கள் எடுத்துக் காட்டட்டும், ஏற்றுக்கொள். ஆனால் உன் கண் மோசமான கண் என்று எண்ணிக்கொண்டு வாயை மூடாதே. உன் கண் முதல் தரம் வேலை செய்த இடத்தில் அது முழுக்கச் சரியாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவன் பத்துப் பேர் நடுவில் நின்று சிரித்தான். யாராவது உன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, முதலில் சிரித்தவனின் முகத்தை நன்றாகப் பார். அவன் பயந்திருக்கிறானா என்று பார்.

என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. நீ கோல் எடுத்தால் பேசுவேன், எடுக்காவிட்டாலும் புரிந்துகொள்வேன். ஒன்றே ஒன்று மட்டும். போவதற்கு முன் சோமா அக்காவைப் போய்ப் பார். தனியாகப் போ, நான் சந்தியைத் தாண்டி வர மாட்டேன். அன்றைக்குச் சிரித்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அவர் உன்னை அனுப்பச் சொன்னார் என்று நினைக்கிறேன். கேட்க விடாதே. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் நீங்கள் இல்லை என்று சொல். யார் என்று அவர் கேட்க மாட்டார், அவருக்குத் தெரியும். ஆனாலும் நீ உன் வாயால், சத்தமாக, என் பெயரைச் சொல்.

அப்பா